தாளாளர் வீட்டுப் பிள்ளை

கோமதிநாயகத்துக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. மொட்டை மாடிக்கு ஏறினார், இறங்கினார், மறுபடியும் ஏறினார். மாடியின் மூலையில் நின்றால் பேருந்து நிலையத்துப் பெரிய பலகை தெரியும். திருமேனிப்பேட்டையில் உள்ள பள்ளிக்கூடங்களின் பெயர்கள் அதில் ஒளிவிட்டுக்கொண்டிருந்தன. எந்தப் பெற்றோர் எந்தப் பள்ளியைத் தேர்ந்து விரல் ரேகை வைத்தாலும் அந்தக் கணமே அந்தப் பள்ளிக்கு எதிரே எண் ஒன்று கூடும். கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல, டீ கிளாசும் கையுமாக ஆட்கள் அண்ணாந்து நின்றார்கள். விண்முகில் கல்விச்சாலையின் எண் ஓடிக்கொண்டே இருந்தது. சங்குமுத்தார் பள்ளியின் எண் நேற்றுச் சாயங்காலம் படுத்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

சங்குமுத்தார் கோமதிநாயகத்தின் பாட்டனார். சொந்த நிலத்தில், சொந்தச் சூளைச் செங்கல்லில் அந்தப் பள்ளியைக் கட்டினார். அவருக்குப் பின் அவர் மகன், அதற்குப் பின் கோமதிநாயகம் என்று தாளாளர் நாற்காலி அந்த வீட்டுக்கு வெளியே போனதே இல்லை. எழுபது வயதைத் தாண்டியும் கோமதிநாயகத்தின் முதுகு வளையவில்லை. வளைய வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

கீழே தலைமையாசிரியர் ஆரோன் துரை காத்திருந்தார்.

"என்ன துரை, முகம் செத்துக் கிடக்கு?"

"பலகையைப் பாத்தீகளா அய்யா?"

"எனக்கு வேற வேலை இல்லையாக்கும்?" என்றார், மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றுகொண்டு.

"இப்படியே போனா ஒன்பதாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் எடுத்துருவாங்க. வாத்தியாருங்க வீட்டுக்குப் போகணும். முன்னாடி அரசாங்கம் வாத்தியாருக்குச் சம்பளம் குடுத்துச்சு. பிள்ளை கூடும், குறையும், பள்ளிக்கூடம் நிக்கும். இப்ப பிள்ளைப் பங்குன்னு ஆக்கிட்டாங்க. பிள்ளை எந்த வாசல்ல நுழையுதோ, பணமும் அந்த வாசல்லதான் நுழையுது."

"சட்டத்தை எனக்கே சொல்லித் தாறீராக்கும்?"

"இல்லைய்யா. ஊர்ல பாதிப் பேரு விரலைத் தூக்கிக்கிட்டே நிக்காங்க. தாளாளர் வீட்டுப் பிள்ளை எங்க சேருதுன்னு பாத்துட்டு வைப்போம்னு."

அதுதான் விஷயம். சங்குமுத்தார் பள்ளியில் விஜயதசமி அன்று சேர்க்கை நடக்கும். தாளாளர் வீட்டில் பள்ளிக்குப் போகும் வயதில் பிள்ளை இருந்தால் அந்தப் பெயர்தான் முதல் பெயர். நாதஸ்வரம் வைத்து, மாலை போட்டு, பள்ளி முழுவதும் எழுந்து நிற்க அந்தப் பிள்ளை உள்ளே போகும். கோமதிநாயகம் அப்படிப் போனார். அவர் மகன் நயினார் அப்படிப் போனான். முப்பது வருஷத்துக்குப் பிறகு இப்போது நயினாரின் மகள் உலகம்மை. விஜயதசமிக்கு இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. ஆனால் பெற்றோர் சார்பில் விரல் வைக்க வேண்டிய மருமகள் யாழினி வைக்கவில்லை.

"வாத்தியாருங்க வேலைக்காக என் பிள்ளையைக் கொண்டுபோய் அடகு வைக்க முடியாதுங்க மாமா," என்றாள் அவள். கோயம்புத்தூர்ப் பெண். மரியாதை குறையாமல் மறுத்துப் பேசத் தெரிந்தவள்.

"அடகா? நம்ம பள்ளிம்மா அது!"

"நம்ம பள்ளியா இருக்கறதாலதாங்க யோசிக்கறேன். மையத்துக் கருவியில முன்காட்சி பார்த்துட்டு வெப்போம். பார்க்காம வெச்சா விரல் செல்லாதுன்னு சட்டமே சொல்லுதே."

"கருவி சொல்லித்தான் நம்ம பள்ளி நல்ல பள்ளின்னு எனக்குத் தெரியணுமோ?"

கதவோரம் நயினார் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.  பள்ளியில் படித்த காலம் முழுக்க முதல் ரேங்க் வாங்கியவன் அவன். பிறகு சென்னை, பெங்களூரு, மறுபடியும் சென்னை. போன இடமெல்லாம் மரியாதை தெரியாத ஆட்கள் என்று சொல்லி வீட்டுக்கே வந்துவிட்டான். "நம்ம அருமை வெளியாருக்குத் தெரியாது," என்று கோமதிநாயகம் ஊரில் சொல்லி வைத்திருந்தார். கேட்டவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"வாங்க, பாத்துருவோம்," என்று துண்டை உதறித் தோளில் போட்டார் கோமதிநாயகம்.

முன்காட்சி மையம் பழைய தபால் ஆபீஸ் கட்டடத்தில் இருந்தது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது உள்ளே இருந்து ஒரு பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தாள். இடுப்பில் மூக்கு ஒழுகும் பையன்.

"நாற்காலி காலியாக் கெடக்கு சார்," என்றாள், யாரிடம் என்றில்லாமல். "எம்புள்ள இருக்க மாட்டானா சார்?"

மையத்துப் பொறுப்பாளர் இர்ஃபான் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. கருவிக்குத் தெரியலைன்னு அர்த்தம், அவ்வளவுதான்," என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு இவர்களிடம் திரும்பினார்.

"அதென்னங்க காலி நாற்காலி?" என்றாள் யாழினி.

"இந்தக் கருவிக்கு ஜோசியம் தெரியாதும்மா. உங்க மாதிரி வீட்ல இருந்து, உங்க பிள்ளை மாதிரி பிள்ளைங்க, இந்தப் பள்ளியில படிச்சு என்ன ஆனாங்கன்னு பழசையெல்லாம் கூட்டிக் கழிச்சு ஒரு ஆளை உருவாக்கி நாற்காலியில உக்கார வைக்கும். இருபத்தஞ்சு வயசுல உங்க பிள்ளை எப்படி இருக்கும்னு. அந்தம்மா சூளையில வேலை பாக்கறவங்க. அவங்க வழியில இதுக்கு முன்னாடி யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. கூட்டுறதுக்குப் பழசு இல்லை. அதான் காலி."

"விண்முகில்ல கேட்டா?"

"காலி நாற்காலி வந்த பிள்ளையை விண்முகில்ல சேக்க மாட்டாங்க. தேர்ந்தெடுக்கிற உரிமை அவங்களுக்கும் உண்டுல்லா?"

"எங்க வாசல்ல வந்த பிள்ளையை நாங்க திருப்பி அனுப்பினதே கிடையாது," என்றார் கோமதிநாயகம், வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி. அந்தப் பெண்மேல் அவருக்கு இரக்கம்தான். அந்த நாற்காலி தன் வீட்டுக்கு வராது என்ற நிம்மதியும் அந்த இரக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே இருட்டான அறை. இர்ஃபான் கருவியருகே அமர்ந்தார். கோமதிநாயகம், நயினார், யாழினி மூவரும் உட்கார, எதிரே ஒரு மர நாற்காலி. முதலில் விண்முகில்.

நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். உலகம்மையின் அதே உருண்டைக் கண். "அம்மா! அப்பா!" என்று சிரித்தாள். கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை என்றாள். கூடவே வேலை பார்ப்பவர்களைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொன்னாள். யாழினியின் முகம் மலர்ந்துபோயிற்று.

"சங்குமுத்தார் பள்ளி ஞாபகம் இருக்காம்மா?" என்றார் கோமதிநாயகம்.

"பேருந்து நிலையம் பக்கத்துல இருந்துச்சே, அந்தப் பழைய கட்டடமா தாத்தா? அதை இடிச்சாச்சுல்ல?"

குறை சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல பெண். கோமதிநாயகம் இர்ஃபான் பக்கம் திரும்பினார். "நம்ம பள்ளியைப் போடுங்க."

மறுபடியும் நாற்காலியில் ஒருத்தி. இவள் முதுகை நாற்காலியில் சாய்க்கவில்லை. முகவாயைச் சற்றே தூக்கிக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தாள். கண்ணாடியில் தன்னைப் பார்ப்பதுபோல இருந்தது கோமதிநாயகத்துக்கு. நெஞ்சு நிறைந்தது. "பாத்தியாம்மா?" என்று மருமகள் பக்கம் திரும்பினார். "இதுதான் நம்ம ரத்தம்."

அந்தப் பெண் இர்ஃபானைச் சுட்டிக்காட்டினாள். "நான் வந்திருக்கேன், இவர் ஏன் உக்காந்தே இருக்காரு?"

இர்ஃபான் லேசாகச் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"என்னம்மா வேலை பாக்கே?" என்று பேச்சை மாற்றினார் கோமதிநாயகம்.

"பாத்துக்கிட்டு இருந்தேன் தாத்தா. விட்டுட்டேன். போன இடத்துல எல்லாம் மரியாதை தெரியாத ஆளுங்க. நான் செஞ்சது தப்புன்னு எல்லார் முன்னாலயும் ஒருத்தி சொல்லுதா. என்கிட்ட! அன்னைக்கே எழுந்து வந்துட்டேன்." அவள் கழுத்து இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. "இப்ப வீட்லதான் இருக்கேன். நம்ம அருமை வெளியாருக்குத் தெரியாது தாத்தா."

நயினார் எழுந்தான். யாரையும் பார்க்காமல், கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு வெளியே போனான்.

"நிறுத்துங்க!" என்றார் கோமதிநாயகம். "இது விண்முகில்காரங்க செஞ்ச சூது. எங்க பள்ளியை ஒழிக்கணும்னு..."

"அய்யா, என் மக ஆஃப்ரினுக்கு நான் உங்க பள்ளிக்குத்தான் விரல் வச்சேன்," என்றார் இர்ஃபான் பணிவாக. "ரெண்டையும் பாத்துட்டுத்தான் வச்சேன். உங்க பள்ளி நாற்காலியில எம்பிள்ளை என்ன ஜம்முன்னு உக்காந்திருந்தா தெரியுமா? நல்ல பள்ளிங்கய்யா அது. உங்க வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் ஆகலை."

வெளியே வெயில். கோமதிநாயகம் வீட்டுக்குப் போகவில்லை. கால் தானாகப் பள்ளிப் பக்கம் நடந்தது.

ஒன்றாம் வகுப்பில் பேச்சித்தாய் டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் ஓய்வு. அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் நயினாரும் பள்ளிக்கு வந்தான். தாளாளரின் தலை வாசலில் தெரிந்ததும் டீச்சர் துள்ளி எழுந்தார். பிள்ளைகள் எழுந்தார்கள். தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த ஓவிய வாத்தியார் சுவரோடு ஒட்டி நின்றார். இத்தனை வருஷமாக நடப்பதுதான். அன்றைக்குத்தான் அது அவர் கண்ணில் பட்டது.

டீச்சரை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேப்பேன். உள்ளதைச் சொல்லணும். நயினாரு முதல் ரேங்க் வாங்கினது நெசமா?"

பேச்சித்தாய் சேலைத் தலைப்பைச் சுருட்டினார்.

"சொல்லுங்க."

"தம்பி மோசமில்லைய்யா. நல்லாத்தான் படிச்சாப்ல. நாலாவது, அஞ்சாவது வந்திருக்கும்."

"யாரு அவனுக்கு முதல் ரேங்க் போடச் சொன்னது? எங்கப்பாவா?"

"சேச்சே, பெரியய்யா ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாருமே சொன்னதில்லை. நான் வேலைக்கு வந்தப்ப மூத்த டீச்சர் தம்பிக்கு எப்படிப் போட்டாங்களோ அப்படித்தான் நானும் போட்டேன். தாளாளர் வீட்டுப் பிள்ளைக்கு எதிரே நின்னு தப்புன்னு சொல்ல யாருக்கு நாக்கு எந்திரிக்கும்? சிவப்பு மையை எடுத்தா கை நடுங்கும்யா."

 கோமதிநாயகம், குரல் சற்று இறங்கி, "எங்க காலத்துலயும் இப்படித்தான் இருந்திருக்குமோ?" என்றார்.

டீச்சர் தரையைப் பார்த்தார். "அது எனக்கு முந்தின காலம்யா," என்றார்.

அப்படியானால் கோமதிநாயகம் படித்த வகுப்பில் உண்மையில் முதலாவது வந்தது யார்? முகங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. இரண்டாம் பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். எதைக் கேட்டாலும் கையைப் பாதி தூக்கிவிட்டு இறக்கிவிடுவான். அவன் பெயர் என்ன?

மறுநாள் காலை காபி ஆறிக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் மருமகளைக் கூப்பிட்டார்.

"நேத்து நாற்காலியில உக்காந்திருந்தாளே, அந்தப் பொண்ணு... அவ வேண்டாம்மா."

யாழினிக்கு ஆச்சரியம். "நானும் அதைத்தாங்க மாமா சொல்றேன்."

"அவ அந்த நாற்காலியில இல்லைன்னா நம்ம பள்ளிக்கு விரல் வைப்பியா?"

"அவ இல்லைன்னா வெக்கறேங்க. சத்தியமா. ஆனா பழசை எப்படி மாத்துவீங்க?"

"பழசை மாத்த முடியாது," என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தாளாளரின் விரலுக்கும் அதே மையத்தில்தான் வேலை. பள்ளியைப் பெற்றோர் மன்றத்திடம் ஒப்படைக்கச் சட்டத்தில் வழி இருந்தது. அதை எடுத்துக்கொண்டவர் அந்த வட்டாரத்தில் இதுவரை யாரும் இல்லை. நிச்சயமாகத்தானா என்று இர்ஃபான் இரண்டு முறை கேட்டார். கோமதிநாயகம் இரண்டு முறையும் அதே பதிலைச் சொல்லி விரலை வைத்தார்.

பள்ளிக்குப் போய், "வாசல் வளைவுல இருக்க எங்க பாட்டனார் பேரை எடுத்துருங்க," என்றபோது ஆரோன் துரைக்குக் கண் கலங்கிவிட்டது.

"அய்யா, பேரு ஒண்ணாவது இருக்கட்டுமே."

"பேரு இருந்தா முழங்கால் நிமிரும் துரை. பேச்சித்தாய் டீச்சர்கிட்டயும் சொல்லிருங்க. இனிமே நான் வந்தா யாரும் எந்திரிக்கக் கூடாது."

"பழக்கம்யா. முழங்கால் தானா நிமிருதே!"

"முழங்காலை அடக்கச் சொல்லுங்க," என்றார் கோமதிநாயகம், தாளாளராகக் கடைசியாக இட்ட உத்தரவு அது.

மத்தியானத்துக்குள் சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில் அவர் காதுபடவே பேசினார்கள். கடன் முட்டியிருக்கும் என்றார் ஒருவர். விண்முகில்காரன் விலை பேசிட்டான் என்றார் இன்னொருவர். "சங்குமுத்தார் கட்டினதைப் பேரன் காப்பாத்தலையே," என்றார் அவரோடு படித்த ஒரு கிழவர். கோமதிநாயகம் நின்று திரும்பிப் பார்த்தார். காரணத்தைச் சொல்லலாம். சொன்னால் நயினாரின் பெயரையும் சொல்ல வேண்டிவரும். வீட்டு மானம் என்று அவர் இத்தனை நாள் காத்தது எது, இன்று வாய்மூடிக் காப்பது எது என்று யோசித்தார். இன்று காப்பதுதான் அதிகக் கனமாக இருந்தது. மேலே நடந்தார். முதுகு மட்டும் வளையவில்லை.

விஜயதசமி. மையத்தில் கூட்டம் நெரிந்தது. இந்த முறை வரிசையில் நின்றே போனார்கள். உலகம்மை அப்பாவின் தோளில் தூங்கிவிட்டாள்.

இர்ஃபான் கருவியைத் திருப்பினார். அறை இருண்டது. கருவி வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டது.

நாற்காலி வந்தது. அதில் யாரும் இல்லை.

யாழினி மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஏங்க இர்ஃபான், இன்னொரு தடவை பாருங்களேன்."

"பாத்துட்டேம்மா. தாளாளர் வீடா இல்லாம உங்க வீட்டுப் பிள்ளை இந்தப் பள்ளியில இதுவரைக்கும் படிச்சதே இல்லை. கூட்டுறதுக்குப் பழசு இல்லை." குரலைத் தணித்துக்கொண்டார். "காலி நாற்காலின்னு தெரிஞ்சா இனிமே விண்முகில்லயும் தயங்குவாங்க. அங்க வைக்கணும்னா இப்பவே வச்சாதான் உண்டு. அந்தப் பொண்ணு அங்க இன்னும் சிரிச்சுக்கிட்டுதான் இருக்கா."

சூளைக்காரப் பெண்ணின் நாற்காலி. அதே மர நாற்காலி.  பாட்டனார் கட்டியதைக் கொடுத்து இதையா வாங்கினோம் என்று இருந்தது கோமதிநாயகத்துக்கு. "யாழினி, நீ குடுத்த வார்த்தை உன்னைக் கட்டாது. உனக்கு எது சரின்னு படுதோ..."

"யாழினி," என்றான் நயினார். அந்த அறையில் அவன் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "அந்த நாற்காலியைப் பாக்க எனக்கு நிம்மதியா இருக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அதுல நான் இல்லை," என்றான்.

தூங்கும் பிள்ளை அவன் தோளில் உமிழ்நீர் வடித்துக்கொண்டிருந்தது. யாழினி அந்தக் காலி நாற்காலியையே பார்த்தாள். பிறகு எழுந்து போய், சிரிக்கும் பெண்ணை மறுபடி பார்க்காமல், கருவியில் இன்னும் மாறாமல் இருந்த சங்குமுத்தார் பள்ளியின் பெயருக்கு நேரே விரலை வைத்தாள்.

பலகையில் எண் ஒன்று நகர்ந்தது. அதன் பின்னால் ஊர் திரண்டு வரவில்லை. நாலைந்து பேர் வந்தார்கள், அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பு பிழைத்தது, பத்தாம் வகுப்பு போயிற்று.

தீபாவளி கழிந்த ஒரு திங்கட்கிழமை. பள்ளி விடும் நேரத்தில் மற்றப் பெற்றோர்களோடு வெளிக்கதவுக்கு வெளியே நின்றார் கோமதிநாயகம். கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டதால் உள்ளே எட்டிப் பார்த்தார். பேச்சித்தாய் டீச்சரின் உடம்பு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தது. அப்படியே நின்றது. மறுபடி உட்கார்ந்தது. "அய்யா, மணி அடிக்கட்டும். வெளியே நில்லுங்க," என்றார் டீச்சர், தன் குரலுக்கே பயந்தவர்போல.

கோமதிநாயகத்துக்கு முகம் சிவந்தது. வெளியே நின்றார்.

மணி அடித்தது. உலகம்மை அழுதுகொண்டே ஓடி வந்தாள்.

"தாத்தா, டீச்சர் எனக்குத் தப்புன்னு போட்டுட்டாங்க! சிவப்பு மையில!"

அவர் கால் ஒரு அடி உள்ளே எடுத்து வைத்துவிட்டது. நெஞ்சுக்குள் பாட்டனாரும் அப்பாவும் சேர்ந்து எழுந்து நின்றார்கள். அந்தக் காலை அவர் பின்னால் இழுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. குனிந்து பேத்தியின் மூக்கைத் துடைத்தார். அப்படிக் குனிய முதுகு சிரமப்பட்டது.

"சரி, அழாதே," என்றார். "முதலாவது யாரு வந்தா?"

அந்த வீட்டில் யாரும் இதுவரை கேட்டிராத கேள்வி அது.

"ஆஃப்ரின்," என்றாள் உலகம்மை விசும்பிக்கொண்டே.

"ஆஃப்ரின்," என்று தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார் கோமதிநாயகம்.